காம்பினேஷன் பூட்டை எண் தெரியாமல் திறக்கப் பழகுவது: ரீடிங், கிராஃப், வீல் பிரிப்பு

#1 · புதுக்கை

டயல் பூட்டு திறப்பதைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசை. துளை போடுவது, உடைப்பது எல்லாம் வேண்டாம். டயலை மட்டும் சுழற்றி எண்ணைக் கண்டுபிடிக்கும் முறைதான் வேண்டும். மூன்று கேள்விகள். எந்தப் பூட்டை வாங்குவது? ஸ்டெதாஸ்கோப் வேண்டுமா? டயலில் 100 கோடு, மூன்று எண் என்றால் பத்து லட்சம் சேர்க்கை வருகிறது. இதில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

#2 · இரும்பு_இடுக்கி

பூட்டு பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை அரைக்கால் சார் வந்து சொல்வார்.

யுஎல் என்ற அமெரிக்கச் சோதனை அமைப்பின் தரவரிசையில் குரூப் 2 வகை, மூன்று வீல் (உள்ளே சுழலும் வட்டத் தகடு) உள்ள பூட்டாக வாங்குங்கள். சார்ஜன்ட் அண்ட் கிரீன்லீஃப் 6730 அல்லது லாகார்ட் 3330 போதும். பெட்டகம் தேவையில்லை. பூட்டுப் பெட்டி, டயல், டயல் வளையம், ஸ்பிண்டில் (டயலிலிருந்து உள்ளே போகும் தண்டு), அதை உள்ளே உள்ள கேம் என்ற வட்டத் தகட்டோடு பிணைக்கும் சின்ன ஆப்பு, எண் மாற்றும் சாவி ஆகியவை ஒரு செட்டில் வர வேண்டும். பழையதாக வாங்கினால் சாவி அதே மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். வேறு சாவியைத் திணித்தால் வீல்கள் கெடும்.

தடித்த மரப்பலகையிலோ இரும்புத் தகட்டிலோ செங்குத்தாக மாட்டி, மேசையோடு இடுக்கி போட்டு இறுக்குங்கள். தாங்கி ஆடினால் ரீடிங்கும் (டயலில் படிக்கும் எண்) ஆடும். ஸ்பிண்டிலைக் கதவின் தடிமனுக்கு ஏற்ப வெட்ட வேண்டியிருக்கும். டயல், வளையத்தில் உரசாமல் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஆடவும் கூடாது.

உட்புறத்துக்கு மசகு ஏற்கெனவே போட்டிருப்பார்கள். ஸ்ப்ரே எண்ணெய் அடிக்காதீர்கள். மசகு கரைந்து வீல்களுக்கு இடையே வந்துவிடும். ஒரு வீல் சுற்றும்போது பக்கத்து வீலும் ஒட்டிக்கொண்டு நகரும். பிறகு எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது.

இன்னொன்று. சொந்தப் பூட்டில் மட்டும் பழகுங்கள். பயன்பாட்டில் உள்ள பெட்டகம் உங்களுடையதாகவே இருந்தாலும் அதில் பயிற்சி வேண்டாம். அடுத்தவர் பெட்டகம் என்றால் எழுத்தில் அனுமதி இல்லாமல் டயலைத் தொடவே கூடாது.

#3 · அரைக்கால்_கோடு

ஸ்டெதாஸ்கோப் சினிமாவுக்கு. இந்த வகைப் பூட்டில் காடியில் கம்பி "டிக்" என்று விழும் சத்தம் எதுவும் வராது. ஏன் வராது என்று புரிந்துவிட்டால் முறையில் பாதி புரிந்த மாதிரி.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். டயலோடு ஸ்பிண்டில், ஸ்பிண்டிலின் முனையில் கேம். கேமுக்கு அடுத்து மூன்று வீல்கள். கேமுக்குப் பக்கத்தில் இருப்பது வீல் 3, தூரத்தில் இருப்பது வீல் 1. கேம் ஒரு சுற்று சுற்றினால் வீல் 3-ஐப் பிடிக்கும், இன்னொரு சுற்றில் வீல் 3 வீல் 2-ஐப் பிடிக்கும், அதற்கடுத்த சுற்றில் வீல் 1-உம் சேரும். பிடித்துத் தள்ளும் சின்னத் துண்டுக்கு ஃப்ளை என்று பெயர். ஒவ்வொரு வீலின் விளிம்பிலும் ஒரு காடி. வீல்களுக்கு மேலே லீவர் என்ற நெம்பும், அதில் பொருத்திய ஃபென்ஸ் என்ற கம்பியும் இருக்கும். மூன்று காடியும் ஃபென்ஸுக்குக் கீழே ஒரே வரிசையில் வந்தால் ஃபென்ஸ் உள்ளே இறங்கும், லீவர் கேமில் கொக்கி போட்டு போல்ட்டை இழுக்கும்.

லீவரின் மூக்கு எப்போதும் கேமின் விளிம்பில் சவாரி செய்கிறது. அதனால் ஃபென்ஸ் வீல்களைத் தொடாமல் மேலேயே நிற்கும். கேமில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் மூக்குக்கு நேரே வரும்போது மட்டும் லீவர் கொஞ்சம் இறங்கி, ஃபென்ஸ் வீல்களின் மேல் உட்காரும். அதற்கு மேல் இறங்க வீல் விடாது.

அந்த நிலையில் டயலை வலப்பக்கம் (கடிகாரச் சுற்று, எண் குறையும்) மெதுவாகத் திருப்பினால் மூக்கு பள்ளத்தின் ஒரு சுவரில் முட்டும். அந்த எண் இடத் தொடுபுள்ளி. இடப்பக்கம் (எண் கூடும்) திருப்பினால் எதிர்ச்சுவரில் முட்டும். அது வலத் தொடுபுள்ளி. இடத் தொடுபுள்ளி சின்ன எண், வலத் தொடுபுள்ளி பெரிய எண்.

பள்ளம் கீழே போகப் போகக் குறுகலானது. மூக்கு ஆழமாக இறங்கினால் இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கும். மூக்கு எவ்வளவு இறங்கும் என்பதை ஃபென்ஸ் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முடிவு செய்கிறது. ஃபென்ஸ் உட்கார்ந்திருக்கும் வீலின் காடி கீழே வந்தால் ஃபென்ஸ் ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கி, அடுத்த உயரமான வீலில் உட்காரும். டயலில் அது அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) கோடு, கால் கோடு, சில நேரம் அரைக்கோடு மாற்றமாகத் தெரியும். பூட்டு வெளியே சொல்லும் ஒரே தகவல் இதுதான்.

மூன்று வீலும் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் இருந்து, ஃபென்ஸும் சாய்வே இல்லாமல் இருந்தால் ஒற்றைக் காடியை இப்படிக் கண்டுபிடிக்கவே முடியாது. நூற்றுக்கு நூறு அப்படிச் செய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது. நாம் பிழைப்பது அதனால்தான்.

#4 · கணக்கப்பிள்ளை

பத்து லட்சம் பற்றி ஒரு வார்த்தை. குரூப் 2 பூட்டில் எண்ணில் ஒன்று முன்பின் இருந்தாலும் திறக்கும். எனவே 2½ கோட்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும். ஒரு வீலுக்கு 40 இடங்கள். குருட்டுத்தனமாகத் தேடினாலும் 40 × 40 × 40 = 64,000. ஒவ்வொரு வீலையும் தனித்தனியாகப் பிடித்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும்: ஒரு கிராஃபுக்கு (ரீடிங்குகளை வரைந்து பார்ப்பது) 40, இன்னொரு கிராஃபுக்கு 40, கடைசியில் 40 முயற்சி, நடுவில் கொஞ்சம் சரிபார்ப்பு. இந்த வேலையின் கணிதம் மொத்தமே இவ்வளவுதான்.

#5 · புதுக்கை

லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஃபெயின்மன் பூட்டுகளைத் திறந்தது இந்த முறையில்தானா?

#6 · கணக்கப்பிள்ளை

இல்லை. அவர் கையாண்ட பூட்டுகளில் எண் இரண்டு முன்பின் இருந்தாலும் திறக்கும். 100-க்குப் பதில் 20, ஆக 8,000 சேர்க்கை. அலமாரி திறந்திருக்கும்போதே, பேசிக்கொண்டே டயலைத் திருப்பி கடைசி இரண்டு எண்களை எடுத்துவிடுவார். பிறகு மூடியிருக்கும்போது முதல் எண்ணுக்கு 20 முயற்சிதான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். நாம் பேசுவது மூடிய பூட்டைப் பற்றி.

#7 · லீவர்மூக்கு

புதுக்கை, நேராக கிராஃபுக்குப் போகாதீர்கள். முதலில் பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். டயலைச் சுழற்றி மூக்கு பள்ளத்தில் இறங்குவதையும் ஃபென்ஸ் எந்த வீலில் உட்காருகிறது என்பதையும் கண்ணால் பார்த்தால், மேலே அரைக்கால் எழுதிய அத்தனையும் பத்து நிமிடத்தில் விளங்கும். மூடி இல்லாதபோது எண் மாற்றும் சாவியைப் போடாதீர்கள். பல மாடல்களில் மூடியைக் கழற்றினாலே உள்ளிருக்கும் மறுபூட்டு விழுந்து போல்ட்டைத் தடுக்கும். அதைத் தூக்கிப் பிடிக்கத் தெரிந்துகொண்டு டயலைத் திருப்புங்கள். கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடி கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

கை பழக ஒரு பயிற்சி. எல்லா வீலையும் இடப்பக்கம் நாலைந்து சுற்றுச் சுற்றி 50-இல் நிறுத்துங்கள். தொடுபுள்ளிகளைப் படியுங்கள், எழுதுங்கள். மறுபடி ஐந்து சுற்றுச் சுற்றி அதே 50-இல் நிறுத்தி மறுபடி படியுங்கள். இருபது முறை. இருபதும் அரைக்கால் கோட்டுக்குள் அடங்கும்வரை கிராஃப் பக்கம் போக வேண்டாம்.

#8 · அரைக்கால்_கோடு

இதை நூறு சதம் ஆமோதிக்கிறேன். நுட்பமான விரல் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நுட்பத்தைவிட ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். டயலை அழுத்தி முட்டினால் ரீடிங் ஒரு பக்கம் தள்ளும். அதிலும் தவறில்லை, ஒவ்வொரு முறையும் அதே அழுத்தம் என்றால். ஒரு தடவை அழுத்தி, ஒரு தடவை தொட்டும் தொடாமலும் என்றால் இல்லாத காடியெல்லாம் கிராஃபில் முளைக்கும். இரண்டு விரல் நுனியால் டயலின் விளிம்பைப் பிடித்து, சுவர் தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். இடத் தொடுபுள்ளிக்கு எப்போதும் வலச்சுற்றில் வாருங்கள், வலத் தொடுபுள்ளிக்கு எப்போதும் இடச்சுற்றில். ஸ்பிண்டிலில் உள்ள தளர்வு அப்போது எல்லா ரீடிங்கிலும் ஒரே அளவாகச் சேரும், ஒப்பிடும்போது கழிந்துவிடும்.

கண்ணும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தலை ஒரு விரற்கடை நகர்ந்தாலே கோடு நகர்ந்ததுபோல் தெரியும். நாற்காலியின் உயரத்தைக் கூட மாற்றாதீர்கள்.

#9 · இரும்பு_இடுக்கி

அரைக்கால் கோட்டைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம் என்பவர்களுக்கு: கோடுகள் இருக்கும் வட்டத்தின் விட்டம் 80 மி.மீ. என்றால் ஒரு கோட்டின் அகலம் சுமார் 2.5 மி.மீ., அரைக்கால் என்பது 0.3 மி.மீ. உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் தாளில் ஒரு வெர்னியர் (கோட்டின் பின்னத்தைப் படிக்கும் துணை அளவுகோல்) அச்சடித்து வளையத்தில் ஒட்டுங்கள். டயலின் 9 கோடுகள் (32.4 பாகை) இருக்கும் வில்லைப் பத்துச் சமபாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 3.24 பாகை, பத்தில் ஒரு கோடு வரை படிக்கலாம். தாள் வளையத்தின் உள்விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தூக்கிக்கொண்டிருந்தால் பார்வைப் பிழை இரட்டிப்பாகும்.

#10 · அரைக்கால்_கோடு

இனி கிராஃப்.

எல்லா வீலையும் இடப்பக்கம் குறைந்தது நான்கு சுற்றுச் சுற்றி 0-இல் நிறுத்துங்கள். இப்போது மூன்று வீலும் 0-இல். வலப்பக்கம் திருப்பி, தொடுபகுதிக்கு (இரண்டு தொடுபுள்ளிகளுக்கும் இடைப்பட்ட பகுதி) போய் இடத் தொடுபுள்ளியைப் படியுங்கள். அங்கேயே இடப்பக்கம் திருப்பி வலத் தொடுபுள்ளியைப் படியுங்கள். இரண்டையும் எழுதுங்கள். கேம் வீலை மறுபடி பிடிக்க ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று ஆகும் என்பதால் இதுவரை வீல்கள் நகர்ந்திருக்காது. பிறகு இடப்பக்கம் திருப்பி, 0-இல் வீல்களைப் பிடித்து, 2½-க்குத் தள்ளுங்கள். மறுபடி ரீடிங். இப்படி 97½ வரை.

தள்ளும்போது 2½-ஐத் தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. டயல் மட்டும்தான் பின்னால் வரும், வீல் அங்கேயே நிற்கும். நான்கு சுற்றுச் சுற்றி மறுபடி அந்த எண்ணுக்கு வர வேண்டும்.

வீல்கள் தொடுபகுதிக்குள்ளேயே நிற்கும் எண்களில் (உதாரணமாகத் தொடுபுள்ளிகள் 5, 14 என்றால் நடுவில் உள்ளவை) முழு ரீடிங் கிடைக்காது. ஒரு புள்ளியைத் தேடித் திருப்பும்போதே வீலைத் தள்ளிவிடுவீர்கள். கிராஃபில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். மூன்றாவது எண்ணை 0 முதல் 20 வரை வைக்கக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்வதும் இந்தப் பகுதியை ஒட்டித்தான்.

இரண்டு கோடு வரையுங்கள்: மேலே வலத் தொடுபுள்ளி, கீழே இடத் தொடுபுள்ளி. இரண்டும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று நோக்கி வளைந்தால் கவனியுங்கள். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் கை மாறியிருக்கிறது அல்லது தலை நகர்ந்திருக்கிறது.

#11 · லீவர்மூக்கு

2½ பற்றி எனக்கு உடன்பாடில்லை. பாதி ரீடிங்குகளில் டயலைக் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. புதியவர் அங்கேதான் தடுமாறுவார். 2 கோடு வீதம் போகட்டும். 40 ரீடிங் 50 ஆகும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் கோட்டின் மேலேயே நிற்கும்.

#12 · அரைக்கால்_கோடு

நியாயம். பழகியவருக்கு 2½, புதியவருக்கு 2. மூன்றுக்கு மேல் மட்டும் போகாதீர்கள். காடியைத் தாண்டிக் குதித்துவிடலாம்.

#13 · புதுக்கை

எண்ணை நண்பரிடம் கொடுத்து மாற்றச் சொன்னேன், எனக்குத் தெரியாது. இடச்சுற்று கிராஃபில் இரண்டு இடம் சந்தேகமாக இருக்கிறது. முதல் இடம் 20-க்கும் 40-க்கும் நடுவே. இரு தொடுபுள்ளிகளின் இடைவெளி 8.875-இலிருந்து மெதுவாக 8.5 வரை இறங்கி, மெதுவாகவே மேலே ஏறுகிறது. இரண்டாவது இடம் (வீல் நின்ற எண் → இடத் தொடுபுள்ளி / வலத் தொடுபுள்ளி):

60 → 4.875 / 13.75
62.5 → 4.875 / 13.75
65 → 4.875 / 13.75
67.5 → 5.125 / 13.375
70 → 5.0 / 13.625
72.5 → 4.875 / 13.75

எது காடி? முதல் இடம் அகலமாக இருப்பதால் அதுதான் பெரிய குறி என்று தோன்றுகிறது.

#14 · கணக்கப்பிள்ளை

இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடைவெளி 8.875-இலிருந்து 8.25-க்குச் சட்டென்று விழுந்து, ஐந்து கோட்டுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. காடியின் அகலம் இரண்டு மூன்று கோடுதான்; ஃபென்ஸ் அதன் ஓரங்களில் சறுக்குவதையும் சேர்த்தால் ஐந்தாறு கோட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். இருபது கோடு நீளும் அலை, வீல் வட்டம் அச்சிலிருந்து கொஞ்சம் விலகியிருப்பதால் வருவது. ஒவ்வொரு பூட்டிலும் உண்டு.

ஆனால் அலையை அழித்துவிடாதீர்கள். அலையின் பள்ளத்துக்குள் சின்னக் காடி ஒளிந்திருக்க இடமுண்டு. முதலில் 67.5-ஐச் சுற்றி ஒரு கோட்டுக்கு ஒன்றாகப் படியுங்கள்.

#15 · புதுக்கை

இடைவெளி மட்டும் தருகிறேன்:

65 → 8.875
66 → 8.625
67 → 8.25
68 → 8.125
69 → 8.25
70 → 8.625
71 → 8.875

#16 · கணக்கப்பிள்ளை

அழகு. இரு ஓரமும் சமமாக ஏறுகின்றன. நடு 68. ஆழமான ரீடிங்கை மட்டும் பார்த்து நடுவை முடிவு செய்யாதீர்கள். இரண்டு சரிவும் ஒரே உயரத்தை அடையும் எண்களை எடுத்து அவற்றின் நடுவைப் பிடியுங்கள். இங்கே 66-உம் 70-உம்.

#17 · அரைக்கால்_கோடு

68 எந்த வீலுடையது என்று இன்னும் தெரியாது. மூன்று வீலும் சேர்ந்துதானே நகர்ந்தன. பிரித்துப் பார்க்க இரண்டு சோதனை.

முதல் சோதனை: இடப்பக்கம் சுற்றி மூன்று வீலையும் 68-இல் வையுங்கள். வலப்பக்கம் திருப்புங்கள், ஒரு முழுச் சுற்று முடிந்து 68 வரும்போது கேம் வீல் 3-ஐப் பிடிக்கும். நிற்காமல் 58-க்குப் போய் நிறுத்துங்கள். இப்போது வீல் 1, 2 இரண்டும் 68-இல், வீல் 3 மட்டும் 58-இல். இடப்பக்கம் திருப்பித் தொடுபகுதிக்குப் போய்ப் படியுங்கள். இடைவெளி 8.875-ஐ ஒட்டி விரிந்துவிட்டால் 68 வீல் 3-இன் காடி. 8.125-ஐ ஒட்டியே இருந்தால் வீல் 3 அல்ல.

இரண்டாம் சோதனை: மறுபடி மூன்றையும் இடச்சுற்றில் 68-இல் வைத்து, வலப்பக்கம் 68-ஐ இரண்டு முறை கடந்து 58-இல் நிறுத்துங்கள். இப்போது வீல் 1 மட்டும் 68-இல். குறுகல் அப்படியே இருந்தால் வீல் 1. போய்விட்டால் வீல் 2.

58-க்குப் பதிலாக 48 வைத்தும் ஒருமுறை செய்யுங்கள். 58 தற்செயலாக இன்னொரு வீலின் தாழ்வான இடமாக இருந்தால் முடிவு குழம்பும்.

வலச்சுற்று கிராஃப் ஒன்றும் எடுத்து வையுங்கள். சில பூட்டுகளில் ஒரு திசையில் மங்கலாக இருப்பது மறுதிசையில் தெளிவாக வரும். ஒரே காடி இடச்சுற்றில் 68, வலச்சுற்றில் 67¼ என்று கொஞ்சம் விலகி வரலாம். அது ஃப்ளைகளின் தளர்வு. தூரத்து வீலுக்கு இந்த விலகல் கூடுதலாகச் சேரும் என்பதால் சிலர் இதை வைத்தே வீலை ஊகிப்பார்கள். ஊகம் ஊகமாக இருக்கட்டும், சோதனையை விடாதீர்கள்.

#18 · புதுக்கை

முதல் சோதனையிலேயே 8.75 ஆகிவிட்டது. 48 வைத்தாலும் 8.875. அப்படியானால் வீல் 3?

#19 · அரைக்கால்_கோடு

ஆமாம், வீல் 3 = 68. அதிர்ஷ்டம்தான். இருப்பதிலேயே வேலை குறைவான வழி இது.

இரண்டாம் கிராஃபில் வீல் 3 எப்போதும் 68-இல் நிற்க வேண்டும், வீல் 1-உம் 2-உம் சேர்ந்து நகர வேண்டும். வலப்பக்கம் நான்கு சுற்றுச் சுற்றி எல்லா வீலையும் சோதனை எண்ணில் வையுங்கள். அதை எ என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் திருப்பினால் ஒரு சுற்று முடிந்து எ வரும்போது வீல் 3 பிடிபடும். அதை 68 வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். எ-யை இரண்டாம் முறை தொட்டால் வீல் 2-உம் நகர்ந்துவிடும். அதற்குள் 68 வந்துவிடும், கவலை வேண்டாம், எண்ணிக்கை மட்டும் தவறக் கூடாது. பிறகு வலப்பக்கம் தொடுபகுதிக்கு வந்து இரண்டு புள்ளியும் படியுங்கள்.

அடுத்த எண்ணுக்கு மறுபடி நான்கு சுற்று தேவையில்லை. வலப்பக்கமே தொடருங்கள். 68-இல் வீல் 3 பிடிபடும், அதற்கடுத்து வரும் எ-யில் வீல் 2-உம் 1-உம் சேரும். அங்கிருந்து இரண்டு கோடு கீழே தள்ளி நிறுத்துங்கள். வலச்சுற்றில் எண்கள் குறைந்துகொண்டே போகும் என்பதை கிராஃபில் மறக்காதீர்கள்.

இந்த கிராஃபில் குறிகள் முதலாவதைவிடத் தெளிவாக வரும். ஃபென்ஸ் உட்கார இனி இரண்டு வீல்தான் மிச்சம்.

#20 · லீவர்மூக்கு

புதுக்கைக்கு இல்லாவிட்டாலும் படிப்பவர்களுக்கு: முதலில் கிடைத்தது வீல் 1 என்றால், அதை இடச்சுற்றில் அதன் எண்ணில் வைத்துவிட்டு 2-உம் 3-உம் சேர்த்து வலச்சுற்றில் நகர்த்துங்கள். வலப்பக்கம் ஒரு சுற்றுக்கு மேல் நகர்த்தினால் வீல் 1-உம் இழுபடும். தொடக்கத்திலிருந்து வைக்க வேண்டும். வீல் 2 என்றால்தான் தலைவலி. 1-உம் 3-உம் அதற்கு இருபுறமும் இருப்பதால் சேர்த்து நகர்த்த வழியில்லை. ஒவ்வொரு ரீடிங்குக்கும் மூன்று எண்ணையும் முழுதாகப் போட வேண்டும். பலர் வீல் 1-ஐ எங்காவது நிறுத்திவிட்டு வீல் 3-ஐ மட்டும் கிராஃப் போடுவார்கள். வீல் 1 உயரமாக இருந்தால் வீல் 3-இன் காடி அதன் மறைவில் காணாமல் போகும். எதுவும் வரவில்லை என்றால் வீல் 1-ஐ வேறு இடத்துக்கு, அலையின் தாழ்வான பகுதிக்கு, மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

#21 · புதுக்கை

இரண்டாம் கிராஃபில் 31-இல் குறுகல். ஒரு கோடு வீதம் படித்துப் பார்த்தேன், நடு 31-தான். நீங்கள் அலைக்குள் பார்க்கச் சொன்ன பகுதிக்குள்ளேயே இருக்கிறது! இது வீல் 1-ஆ 2-ஆ?

#22 · அரைக்கால்_கோடு

ஒரே சோதனை. இடம் நான்கு முறை 41, வலம் மூன்று முறை 31, இடம் இரண்டு முறை 68. வீல் 1 மட்டும் 41-இல் நிற்கிறது. குறுகல் இருந்தால் 31 வீல் 2-க்கு உரியது. போய்விட்டால் வீல் 1-க்கு.

"நான்கு முறை 41" என்றால் 41 குறிக்கு நேரே நான்காம் முறை வரும்போது நிறுத்துவது. சுற்றுகளை எண்ணாதீர்கள், எண் குறியைக் கடப்பதை எண்ணுங்கள்.

#23 · கணக்கப்பிள்ளை

வீல் 2 என்று வந்தால் மிச்சம் வீல் 1. அதற்கு கிராஃப் வேண்டாம், நேராக முயற்சி செய்யுங்கள்: இடம் 4 முறை எ, வலம் 3 முறை 31, இடம் 2 முறை 68, வலப்பக்கம் திருப்பி போல்ட் இழுபடுகிறதா என்று பாருங்கள். எ-யை 0, 2½, 5 என்று நகர்த்தினால் 40 முயற்சி. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் 20 நிமிடம். வீல் 1-ஐ நகர்த்த மற்ற இரண்டையும் கலைத்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. கடைசியில் மிஞ்சியது வீல் 3-ஆக இருந்திருந்தால் 1-ஐயும் 2-ஐயும் அப்படியே விட்டு, 3-ஐ மட்டும் இரண்டிரண்டு கோடாகத் தள்ளி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

40-உம் முடிந்தும் திறக்கவில்லை என்றால் எ-யைக் குறை சொல்வதற்கு முன் 31-ஐ 30, 32 ஆக்கியும், 68-ஐ 67, 69 ஆக்கியும் பாருங்கள். மூன்று எண்ணிலும் ஆளுக்கு முக்கால் கோடு பிசகு சேர்ந்தால் ஃபென்ஸ் இறங்காது. அடுத்த சந்தேகம் வீல் வரிசை. 31 உண்மையில் வீல் 1-உடையதாக இருக்கலாம்.

#24 · புதுக்கை

வீல் 2-தான். 87½-இல் திறந்துவிட்டது. 87.5 – 31 – 68.

அடுத்து என்ன செய்யலாம்? குரூப் 1 பூட்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

#25 · இரும்பு_இடுக்கி

வேண்டாம். யுஎல் 768 தரத்தில் குரூப் 2எம் என்பது திறமையானவர் கையாண்டாலும் 2 மணி நேரம் தாங்க வேண்டும், குரூப் 1 என்றால் 20 மணி நேரம். இந்த வகைகளில் வீல்களில் பொய்க்காடிகள் வெட்டியிருப்பார்கள். ஃபென்ஸ் அரைகுறையாக அதில் இறங்கும். கிராஃபில் உண்மைக் காடி போலவே தெரியும். சில குரூப் 1 பூட்டுகளில் டயல் நடுவே தனிக் குமிழ் ஒன்று உண்டு. அதைத் திருப்பும்வரை லீவர் கேமைத் தொடவே தொடாது, அதனால் தொடுபுள்ளி என்ற ஒன்றே கையில் கிடைக்காது.

கடைகளில் மலிவாக வரும் வீட்டுப் பெட்டிகளில் ஃபென்ஸ் கைப்பிடியோடு நேரடியாக வீலை அழுத்தும் அமைப்பும் உண்டு. அதில் கைப்பிடியை லேசாக இழுத்துப் பிடித்து வீலின் உரசலைப் படிக்க வேண்டும். இங்கே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது.

#26 · லீவர்மூக்கு

அதே பூட்டில் எண்ணை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே பூட்டில் வீல்களின் அலை மாறாது. அலைகளின் கிராஃபைத் தனியாக வைத்திருந்தால் அடுத்த முறை அதைக் கழித்துப் பார்க்கலாம். ஆனால் எண் மாற்றும்போது காடியும் அலையும் சேர்ந்தே இடம் மாறுகின்றன என்பதை நினைவில் வையுங்கள், ஒவ்வொரு வீலுக்கும் வேறு வேறு அளவில். பிறகு வேறு தயாரிப்பாளரின் குரூப் 2. அதன்பின் நான்கு வீல்.

மாற்றுபவரிடம் சொல்லுங்கள்: பக்கத்துப் பக்கத்து எண்கள் வேண்டாம், மூன்றாம் எண் 20-க்கு மேல். பழைய எண்ணை வழக்கமான குறியில் போடாமல் மாற்றுக்குறியில் போட்டு (மேல் குறிக்கு இடப்புறம் இருப்பது), சாவியைப் பின்மூடித் துளையில் முழுதாக நுழைத்து, தாளில் காட்டிய திசையில் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். புதிய எண்ணையும் அதே மாற்றுக்குறியில் போட்டு, டயலை அசைக்காமல் சாவியைத் திருப்பி எடுக்க வேண்டும். சாவி பாதியில் நிற்கிறது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், வீல் துளைகள் நேராக இல்லை என்று பொருள். புதிய எண்ணில் மூன்று முறை திறந்து பார்த்த பிறகே உங்கள் கையில் தர வேண்டும்.

#27 · புதுக்கை

சரி. வலச்சுற்று கிராஃபை 2 கோடு வீதம் தொடங்கிவிட்டேன். 44-இலும் 46-இலும் இடத் தொடுபுள்ளி மட்டும் கால் கோடு நகர்கிறது, வலத் தொடுபுள்ளி அசையவில்லை. இதைக் குறியாக எடுக்கலாமா?

#28 · அரைக்கால்_கோடு

எடுக்கலாம், பென்சிலில். பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே சரிவில் இருப்பதில்லை; ஒரு சுவர் லீவரை இழுக்க நிமிர்ந்தும் மறுசுவர் மூக்கு ஏறச் சாய்ந்தும் இருக்கும். அதனால் ஒரு புள்ளி அதிகம் பேசும், மற்றது முணுமுணுக்கும். 43 முதல் 48 வரை ஒரு கோடு வீதம் படித்துவிட்டு, வீல்களை மறுபடி நான்கு சுற்று சுற்றி அதே ஆறு இடத்தையும் இன்னொரு முறை படியுங்கள். இரண்டு முறையும் ஒன்றாக வந்தால் இடைவெளிகளை இங்கே போடுங்கள்.